முத்துக்கனியின் கை நின்ற படங்கள்

எங்கள் தெருவில் ஒரு படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ள யாரும் இன்டர்நெட்டில் போய் மார்க்கு பார்ப்பதில்லை. முத்துக்கனியின் கையைப் பார்த்தால் போதும். தோவாளையில் பாதி வீடுகளைப் போல அவள் வீட்டிலும் பூக்கட்டுத்தான் பிழைப்பு. மத்தியானச் சோறு உண்டு முடித்ததும் பிச்சி மொட்டுக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்து, நனைத்த வாழைநாரோடு டி.வி. முன்னால் உட்காருவாள். கண் படத்தில் இருக்கும், கை அதுபாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும். படம் மோசமென்றால் கை ஓடும், சரம் மளமளவென்று வளரும். சுமாராக இருந்தால் சரம் கோணும். உண்மையிலேயே நல்ல படமென்றால் கை நின்றுவிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள் ஜிஷாகூட ஒரு படத்துக்கு உட்காருமுன் எனக்குப் போன் போட்டு, பெரியம்மைக்குக் கை ஓடிச்சா நின்னுதா என்றுதான் கேட்பாள். அவள் ஆபீசில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இது பரவிவிட்டதாம். முத்துக்கனி யாரென்றே தெரியாத ஹிந்திக்காரப் பெண்கள்கூட 'கை ஓடிச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம்.

போன மாதம் ஒரு பெரிய படம் பார்த்தோம். கதாநாயகன் வெட்டிக்கொண்டே இருந்தான். வெட்டாத நேரத்தில் புகைக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தான். அவன் வந்து சேருவதற்குள் ஒரு மாலையே கட்டி முடிந்துவிட்டது என்று முத்துக்கனி சொன்னாள். அதற்கடுத்த வாரம் ஒரு மலையாளப் படம். ஒரு வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேர், பேச்சுவார்த்தை கிடையாது, சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். இதில் என்ன இருக்கிறதென்று நான் கொட்டாவி விட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் கையில் பூ பாதி முடிச்சில் தொங்குகிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தப் படம் கை நின்ற படம். எனக்கு இன்றுவரை ஏனென்று விளங்கவில்லை. அவளிடம் கேட்டால் விளக்கமெல்லாம் வராது. அதக் கைகிட்டதானே கேக்கணும் என்று சிரிப்பாள்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. நாங்கள் இருவரும் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த காலத்தில் இங்கே ஒரே ஒரு டி.வி. இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரம் ஸ்டேஷனில் மலையாளப் படம் போடுவார்கள். பிச்சி விரிவதற்குள் கட்டிக் கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். பூ காத்திருக்காது, படமும் காத்திருக்காது. ஆகவே தெருப் பெண்கள் எல்லாம் கூடையோடு அந்த வீட்டுக்குள் போய் நெருக்கியடித்து உட்கார்ந்து, பார்க்காமலே கட்டப் பழகினோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் திரையெல்லாம் புள்ளியாகிவிடும். முத்துக்கனியின் வீட்டுக்காரர் பகவதியப்பன்தான் மாடியேறிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து நாங்கள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கத்துவோம். பாவம் மனுஷன், ஒரு படமும் முழுதாகப் பார்த்ததில்லை. இப்போது அவர் இல்லை. பெரிய டி.வி. இருக்கிறது, புள்ளி கிடையாது, எந்தப் படம் வேண்டுமோ அது வருகிறது. ஆனாலும் அந்த நெருக்கத்தில், பூவாசமும் வேர்வையுமாக உட்கார்ந்து பார்த்த படங்கள்தான் எனக்குப் படங்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிவிடும்.

முத்துக்கனியின் கை முதல்முறை நின்றதும் அங்கேதான். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது அவள் கூடை முழுக்கப் பூ விரிந்து கிடந்தது. பூ எடுக்க வந்த வியாபாரி ஏசிவிட்டுப் போனார். பகவதியப்பனோ விரிந்த பூவையெல்லாம் அள்ளி வந்து எங்கள் எல்லோருக்கும் பங்கு வைத்தார். அன்றைக்குத் தெருவில் பூ வைக்காத தலை இல்லை.

அப்போதெல்லாம் அவள் மடிக்கருகே உட்கார்ந்து மொட்டு பொறுக்கிக் கொடுப்பான் சுயம்பு. அவள் ஒரே மகன் சுயம்புராஜ். பொறுக்குவதைவிட வாய் பார்ப்பதுதான் அதிகம். படித்து முடித்துத் துபாய்க்குப் போவான் என்று எல்லோரும் இருந்தபோது, சினிமா எடுக்கப் போகிறேன் என்று ஒரு பையை மாட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான். உதவி இயக்குநர், துணை இயக்குநர் என்று வயது போய்க்கொண்டே இருந்தது. தலையில் வழுக்கைகூட விழுந்துவிட்டது. கடைசியில் இந்த வருஷம் அவனுடைய முதல் படம் தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டு டி.வி.க்கே வந்தது. வந்த மறுநாள் சனிக்கிழமை காலையில், அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ரயிலில் வந்து இறங்கினான்.

நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றவன் முகத்தில் தூக்கம் இல்லை.

"சித்தி, சென்னையில எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுகாவ. மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்லுவாவ? அம்மைக்க கையப் பாத்தாத்தான் எனக்கு உள்ளது உள்ளபடி தெரியும்."

அவன் அந்தப் பக்கம் போனதும் முத்துக்கனி கொல்லை வழியாக வந்தாள். பூக்கடை ராஜையனிடம் இன்றைக்குப் பூ வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். வெறுங்கையோடு உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை அல்லவா. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பூவை விடாதவள். பயமா என்று கேட்டேன். பயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஏட்டி கிரேசி, நல்லா இல்லாமப் போனா அவன் தாங்கமாட்டான் என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஆனால் அவன் அவள் பெற்ற பிள்ளையல்லவா? தானே சந்தைக்குப் போய் ஒரு கூடை பிச்சி மொட்டு வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துவிட்டான். சாயங்காலம் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், ராஜையன் மாமாவிடம் சொல்லிவிட்டேன், கட்டும்மா என்றான். முத்துக்கனி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மத்தியானம் தெருப் பெண்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். படம் தொடங்கியது. திரையில் சுயம்புவின் பெயர் வந்தபோது எல்லோரும் கை தட்டினோம், முத்துக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நாரை எடுத்தாள். சுயம்பு டி.வி.யின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிராமத்துப் பையன் ஒருவன் சினிமா ஆசையில் வீட்டை விட்டுப் போகிறான். பட்டணத்தில் அலைகிறான், அவமானப்படுகிறான், மழையில் நனைகிறான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளிச்சமென்ன, இசையென்ன. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் துக்கத்தை முதலில் முகத்தால் சொல்லி, பிறகு வாயால் சொல்லி, அதற்குப் பிறகு பாட்டாகவும் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவள் போனை எடுத்துவிட்டாள். முத்துக்கனியின் கை ஓடிக்கொண்டிருந்தது. சரம் அவள் மடியிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டு கிடந்தது.

மகன் பார்ப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கை நின்றது.

நின்னுட்டு, முத்துக்கனிக்குக் கை நின்னுட்டு என்று பெண்களெல்லாம் ஆரவாரித்தார்கள். போனை எடுத்தவள்கூட அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் மட்டும் ஆரவாரிக்கவில்லை. ஏனென்றால் நிஜமாகவே நிற்கும்போது அவள் கை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். முடிச்சு பாதியில் இருக்கும், பூ தொங்கும், வாய் திறந்திருக்கும். இப்போதோ சரத்தை ஒழுங்காக வாழையிலையில் வைத்து, நாரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி மடியில் கட்டி வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கை சொன்ன முதல் பொய் அது.

எனக்குத் தெரிந்தது அந்த மடிக்கருகே வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கூடையில் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கி வாசம் வீட்டை நிறைத்தது. அவள் அசையவில்லை. சுயம்பு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தரையில் அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீரிலிருந்து நாரை எடுத்துக் கட்டத் தொடங்கினான். அவனுடைய படம் அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"படம் ஓடுது மக்கா, பாரு" என்றாள் முத்துக்கனி.

"ஓடட்டும்மா. பூ விரியுது."

அவனுக்குக் கட்டும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முடிச்சு நிற்கவில்லை, பூ உதிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் கையிலிருந்து நாரை வாங்கினாள்.

"நானும் நிக்கட்டும் நிக்கட்டும்னு பாத்தேன் மக்கா. எம் புள்ள எடுத்த படமாச்சே. நிக்கல்ல."

சுயம்பு தலையைக் குனிந்தபடி ஆட்டினான். அழுகிறானோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. காலையில் முற்றத்தில் நின்ற முகம் அல்ல அது. ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து போட்டான். எங்கெல்லாம் கை ஓடியது என்று சொல்லும்மா என்றான்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். நான் போகவில்லை. எனக்கு அவ்வளவு நாகரிகம் கிடையாது. மிச்சப் பூவில் ஒரு பங்கை இழுத்து வைத்துக்கொண்டு கட்டினேன். அவள் கட்டிக்கொண்டே, இங்கே ஓடிச்சு, இங்கேயும் ஓடிச்சு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் ஒரு இடத்திலும் மறுத்துப் பேசவில்லை. படத்தில் அந்தப் பையன் வீட்டுப் படியிறங்கிப் போகிற இடம் வந்தது. கேமரா அவன் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

"இங்க ஒண்ணு கேட்கட்டா?" என்றாள். "அவன் எறங்கிப் போனான்லா, அவனுக்க அம்மைக்க மொகத்த நீ காட்டவே இல்லியே மக்கா. நான் அவளத்தான் தேடிட்டிருந்தேன்."

சுயம்பு ரிமோட்டை அமுக்கினான். படம் நின்றது. பஸ் ஜன்னலில் அந்தப் பையனின் முகம் அப்படியே உறைந்திருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான் போன அன்னைக்கு நீ என்னம்மா செஞ்சே?"

"என்ன செய்ய? கூடையில பூ கெடந்துது. கட்டலாம்னு உக்காந்தேன்." நாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அந்தி வரைக்கும் உக்காந்தேன் மக்கா. ஒரு பூ கட்டல்ல."