பக்கத்து வூட்டுப் பெரியவர்

அனகாபுத்தூரில் உருவப்படம் வரையும் ஒரு பெண் எங்கள் வங்கியில் தொழில்கடன் கேட்டிருந்தார். குடியிருக்கும் அறையைப் பணியிடமாகக் காட்டினால் கடன் கிடைக்காது. நான்தான் பார்வையிடப் போனேன்.

ஒற்றை அறையில் பாய், பாத்திரம் எதுவும் இல்லை. பேச்சு தடுமாறும்போதெல்லாம் அந்தப் பெண் கொண்டையிலிருந்த பிரஷை உருவி மறுபடி செருகினார். வெளியே சந்தில், வெயிலில், கட்டிலில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அவர்?"

அந்தப் பெண் பிரஷை உருவினார், செருகவில்லை.

பெரியவர் முந்திக்கொண்டார். "நான் பக்கத்து வூடு சார். சும்மா காத்துக்குப் படுத்துகினு கீறேன்."

சுவரில் அவருடைய படம் இருந்தது. அதை மட்டும் எடுத்துவைக்க மறந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் ஒரே மூக்கு.

"இது என்ன விலை?"

"அது விக்கிறதுக்கு இல்ல சார்."

தனிப் பணியிடம் என்றே எழுதினேன். கிளம்பும்போது, எனக்கு வழிவிட அந்தப் பெரியவர் கால்களை மடக்கிக்கொண்டார்.