ஒத்தி வீட்டுக்கு வாடகை எழுதினேன்

வங்கி மேனேஜர் அறையில் அந்த அம்மா என்னைக் கைகாட்டி, "இந்த சார்தான் வீடு பாக்க வந்தாங்க. இவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்" என்றார். நான் மேஜைமேல் கிடந்த என் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்.

நான் வேல்யூவர். கடனுக்கு வரும் வீடுகளை அளந்து, மதிப்புப் போட்டு, வங்கிக்கு ரிப்போர்ட் கொடுப்பேன். துபாயிலிருந்து திரும்பிய பாஸ்கர் தஞ்சாவூரில் பழைய வீடுகளை வாங்கி, டைல்ஸ், பெயிண்ட், புது பாத்ரூம் என்று அடையாளமே தெரியாமல் மாற்றுவார். ஆள் குடிவைத்தபின், கூடின மதிப்புக்குக் கடன் வாங்கி, போட்ட பணத்தை எடுத்து அடுத்த வீட்டில் இறக்குவார். ஒவ்வொரு முறையும் மதிப்புப் போட வங்கியிடம் என்னைத்தான் கேட்டு வாங்குவார். எனக்கும் அதில் ஒரு மிதப்பு.

நாலாவது வீடு மருத்துவக் கல்லூரிப் பக்கம். குடியிருந்தவர் சரோஜா, திருத்துறைப்பூண்டிக்காரர். கணவர் இல்லை, மகள் இங்கே நர்சிங் படித்தாள். நான் டேப் பிடிக்கும்போதே சொன்னார்:

"நாங்க வாடகைக்கு இல்லீங்க சார், ஒத்திக்கு. மூணு மா, ஒரு ஏக்கர் நிலத்த வித்து மொத்தமா கொடுத்திருக்கோம்."

ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரவேண்டும். இவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. வில்லங்கச் சான்றில் வராது; நான் எழுதினால்தான் வங்கிக்குத் தெரியும். பாஸ்கருக்கு போன் போட்டேன்.

"ஒத்தின்னு எழுதுனா லோன் வராது சார். வாடகைன்னு போட்டுடுங்க. ஆறு மாசத்துல அவங்க பணத்தக் கொடுத்துடுறேன்."

போட்டேன். வாடகை எவ்வளவு என்பதைக்கூட நானே யோசித்து எழுதினேன்.

கடன் கிடைத்தது. அடுத்த வீட்டில் பாஸ்கர் கையைச் சுட்டுக்கொண்டார். தவணை நின்றது, வங்கி சரோஜா வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. அதைப் பிய்த்துக்கொண்டுதான் அந்த அம்மா அன்று மேனேஜர் அறைக்கு வந்திருந்தார்.

"ஒத்தின்னு உங்ககிட்ட சொன்னாங்களா சார்?" மேனேஜர் கேட்டார்.

ஆமாம் என்றால் அந்த அம்மா பணத்துக்குப் போராட ஒரு பிடி கிடைத்திருக்கும். என் பெயர் பேனலிலிருந்து, வங்கியின் வேல்யூவர் பட்டியலிலிருந்து, போயிருக்கும்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

சரோஜா என்னைத் திட்டவில்லை. "எத்தனையோ வீடு பாக்குறவங்க, எப்படி ஞாபகம் இருக்கும்" என்று மேனேஜரிடம் எனக்காகப் பேசினார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

வீடு ஏலத்தில் போனது. சரோஜாவுக்குப் பணம் வரவில்லை. நான் மட்டும் ரிட்டயர் ஆகும்வரை பேனலில் இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, குடியிருப்பவர் சொல்வதை அவர் எதிரிலேயே எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அப்புறம் நீங்களே நினைத்தாலும் மறக்க முடியாது.