வாசகசாலைக்கு ஒரே தினசரி

என் மனைவியை ஊரில் எல்லாரும் 'உஷ்ஷம்மா' என்றுதான் சொல்வார்கள். நகராட்சி வாசகசாலையின் பொறுப்பாளர் அவள். அங்கே யாராவது தும்மினால்கூட 'உஷ்' என்பாள். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் எனக்குப் பாட வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பும் போய்விட்டது.

நகராட்சிக்குப் பணமுடை வந்தது. பணமுடை வந்தால் தலைவரின் காரிலா கை வைப்பார்கள்? வாசகசாலையில்தான் வைத்தார்கள். முதலில் பாதி மின்விசிறிகளை நிறுத்தினார்கள். பிறகு வாரப் பத்திரிகைகள் போயின. கடைசியில் தினசரிகளும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே தினசரி! எனக்கு வயிறு எரிந்தது.

அவள் அசரவில்லை. தினசரியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். மேசை மணியை அவள் 'டங்' என்று தட்டினால் ஒவ்வொருவரும் கையிலிருக்கும் தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். படித்து முடிக்கவில்லையா? அது உங்கள் பாடு. கொலைச் செய்தியில் கொன்றது யாரென்று தெரியாமலே, தினமும் அங்கே வரும் தையல்காரர் ஒருவர் எத்தனையோ நாள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அப்புறம், இந்த வாசகசாலைக்கு இனியும் செலவு செய்ய வேண்டுமா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. எல்லாரையும் உட்கார வைத்துப் பழக்கி எடுத்தாள். மணியே அடிக்காமல் தாள்கள் தானாகச் சுற்ற வேண்டும், மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது, அதிகாரி அசந்துபோக வேண்டும். இதுதான் திட்டம். காலி நாற்காலி இருந்தால் கேவலம் என்று அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி வந்தார். தாள்கள் சத்தமில்லாமல் சுற்றின. என் மனைவி ஓரமாக நின்று பூரித்துப்போயிருந்தாள்.

"பிரமாதம்மா! எல்லாம் தன்னாலேயே நடக்குதே" என்றார் அதிகாரி.

"எல்லாம் நான் பழக்கினதுதான் சார்."

"அதான் சொல்றேன். தன்னாலேயே நடக்கும்போது பொறுப்பாளர்னு ஒரு ஆள் எதுக்கு? காலையில யாராவது வந்து கதவத் திறந்துவிட்டாப் போதுமே. உங்க போஸ்டை எடுத்துடலாம்."

அவள் முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் எட்டித் தையல்காரரின் கையிலிருந்த விளையாட்டுப் பக்கத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"சார், இது என் முறை!" என்று தையல்காரர் எழுந்தார்.

"முறையாம் முறை! தினமும் எச்சில் தொட்டுப் புரட்டி, ஈரத்தோட தள்றியே, அது எந்த ஊரு முறைய்யா?"

"நீங்க மட்டும் குறுக்கெழுத்த ஒத்த ஆளா நிரப்பி வெச்சுக்கலாமா?"

அவ்வளவுதான், அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. தினசரி கிழிந்தது. விலக்கப் போன அதிகாரியின் மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்தது.

"ஐயோ, யாராவது நிறுத்துங்களேன்!" என்று அவர் அலறினார்.

"உஷ்" என்றாள் என் மனைவி.

குரலைக்கூட உயர்த்தவில்லை. அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதிகாரியும் உட்கார்ந்துவிட்டார்.

வேலை தப்பியது. வெளியே வந்ததும் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமா நடிச்சீங்க சார்!" என்றேன்.

"யாரு நடிச்சா?" என்று மூச்சிரைத்தபடி அவர் தையல்காரரை முறைத்தார்.

நகராட்சி சும்மா விடுமா? ஆளை எடுக்க முடியவில்லை என்றதும் அந்த ஒரே தினசரியை நிறுத்திவிட்டது. அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. இப்போதெல்லாம் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் எங்கள் வீட்டுத் தினசரி அவளோடு வாசகசாலைக்குப் போய்விடுகிறது. படிக்க வேண்டுமென்றால் நானும் அங்கே போய் உட்கார வேண்டியிருக்கிறது. நேற்று அவள் காதோடு, "நம்ம வீட்டுப் பேப்பர்தானேம்மா, விளையாட்டுப் பக்கத்த எனக்கு மொதல்ல குடேன்" என்று கேட்டேன்.

"உஷ்" என்றாள்.