ஐந்தாவது பாட்டின் தொடக்கத்தில்

என் கணவர் இறந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, ஜப்பானிலிருந்து வந்த ஒரு சீடியில் அவர் பேசினார்.

ரொறன்ரோவின் நடுவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர் அவர். ஜப்பானிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் அங்கே பரிமாறும் வேலை செய்தாள். சின்ன ரெக்கோடர் ஒன்று எப்போதும் அவளுடைய ஏப்ரனுக்குள் இருக்குமாம். "அந்தப் பெட்டைக்குக் கொஞ்சம் விசர். சட்டி விழுற சத்தத்தையும் பதியுது" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். படிப்பு முடிந்து அவள் போய்விட்டாள். அடுத்த குளிர்காலம் நாங்கள் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸ் என்ற ஊருக்குக் குடிவந்தோம். வந்த புதிதில் ஒரு காலை, வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. மகன் கைக்குழந்தை.

அவரோடு வேலை செய்த அண்ணை ஒருவர்தான் சீடியைக் கொண்டுவந்தார். ஞாயிறு மத்தியானம் ரொறன்ரோ மோர்னிங்சைடிலிருந்து வந்தவர், குளிர்க்கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளை அங்க ஒரு பாட்டுக்குழு தொடங்கியிருக்கு. இது அவையின்ர முதல் அல்பம். எல்லாரையும் கேக்கச் சொல்லி வேலையிடத்துக்கு அனுப்பியிருக்கு. இவர் செத்த விஷயம் அவளுக்குத் தெரியாது."

"நல்லது அண்ணை. எனக்கேன் கொண்டந்தனீங்கள்?"

அவர் ஐந்தாவது பாட்டைப் போடும்படி மகளிடம் சொன்னார்.

முதலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. பிறகு என் கணவரின் குரல்.

"ஓம். ஓம், கேக்குது. பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?" கொஞ்சம் இடைவெளி. "நீர் பாத்துக்கொண்டு இராதையும். சாப்பிட்டிட்டுப் படும்." மறுபடி இடைவெளி. சிரித்தார். "சரியப்பா, வாறன்."

மேளச்சத்தம் எழுந்தது. ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியது.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன். மகள் பயந்துபோய் நிறுத்தினாள். "திருப்பிப் போடு" என்றேன் உடனேயே. நிலத்தில் இருந்துவிட்டேன்.

தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது நான். அந்த இடைவெளிகளில் பேசியது நான். என்ன சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

"ஆரம்மா உந்த அங்கிள்?" என்று மகள் கேட்டாள்.

அண்ணை முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் அண்ணைதான் சொன்னார்: "உங்கட அப்பா, பிள்ளை."

அவள் ஸ்பீக்கரில் காதை வைத்துத் திரும்பக் கேட்டாள். "அப்பாவுக்கு இப்பிடியோ குரல்? படத்தில மீசையைப் பாத்து, பெரிய குரல் எண்டு நினைச்சன்."

அண்ணை போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் கேட்காமல் என் மனிசனின் குரலை எப்படிக் கடையில் விற்கலாம்? உணவகத்து முதலாளியிடம் நம்பர் வாங்கி, ஏசுவதற்கென்றே அந்த ஜப்பான் பெண்ணுக்கு ஃபோன் எடுத்தேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் முதல் வசனமே அவர் இறந்துபோன செய்தியாக வந்துவிட்டது. மறுமுனையில் அவள் விக்கி விக்கி அழுதாள். அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்கு நடுவில் ஃபோன் எடுத்து ஒரே ராகத்தில் பேசுவாராம். பாட்டு மாதிரி இருந்ததால் பதிந்தாளாம். அர்த்தம் தெரியாதாம்.

ஒவ்வொரு சொல்லாக நான் சொன்னேன். அவள் பிறகு, "அடுத்த முறை அச்சடிக்கும்போது அவர் குரலை எடுத்துவிடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்று நான் சொன்னது எனக்கே திகைப்பாக இருந்தது.

அந்தக் குழு பெரிதாகப் பேர் எடுக்கவில்லை, இன்னொரு அல்பத்தோடு கலைந்துவிட்டது என்று அண்ணை பிறகு சொன்னார். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சப் பேர் கேட்டிருக்கலாம்.