ஆறாம் வகுப்புக் கையெழுத்து

எனக்கு மன்னிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முன்னுக்கு வந்த கறுப்புப் பெண் என்றால் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கடந்து வந்திருப்பாள் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன்.

அப்பா கானா நாட்டுக்காரர். அம்மா யாழ்ப்பாணம். சுவிஸில் பீல் நகரத்தில் ஒரே கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்து, பழகி, கல்யாணம் கட்டியவர்கள். தமிழ் ஆட்களுக்கு நான் கறுவலின் பிள்ளை. சுவிஸ்காரருக்கு வெறும் கறுப்பி. அப்பாவோடு ஆங்கிலம், அம்மாவோடு தமிழ், வெளியில் டொச் எனப்படும் ஜெர்மன் என்று மூன்று மொழியிலும் வாய்காட்டத் தெரிந்து வளர்ந்தேன்.

எங்கள் மாநிலத்தில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை ஆறாம் வகுப்பிலேயே எழுதிவிடுவார்கள். கெட்டிக்காரர் என்று கருதப்படுபவர்கள் செக் பள்ளிக்கு, மற்றவர்கள் ரியால் பள்ளிக்கு. செக்குக்குப் போனால் பல்கலைக்கழகம் வரை பாதை நேராகக் கிடக்கும். ரியாலுக்குப் போனால் பதினாறு வயதில் தொழில் பழகப் போக வேண்டும். வாத்தியார் பரிந்துரைப்பார், பெற்றோர் கையெழுத்து வைப்பார்கள். உடன்பாடில்லை என்றால் பிள்ளைக்கு ஒரு சோதனை கேட்கலாம், தேறினால் செக். அம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்தச் சந்திப்பு நடந்த நாள் அப்பாவுக்கு வேலை. அம்மாவின் டொச் கடைக்குப் போகத்தான் போதும். ஆகவே நானே மொழிபெயர்த்தேன். கணக்கில் எனக்கு ஆறுக்கு ஐந்தரைப் புள்ளி இருந்தது.

"அன்பான பிள்ளை," என்றார் வாத்தியார். "ஆனால் செக் அவளுக்குப் பாரமாக இருக்கும். வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை பொருந்தும். இவர்களுக்கு அது இயல்பாகவே வரும்."

'இவர்களுக்கு' என்று சொல்லும்போது என் தலைமுடியைப் பார்த்தார். நான் ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். எனக்கான தீர்ப்பை என் வாயாலேயே வாசித்தேன்.

"சேருக்குத் தெரியாததோ? அவர் சொன்னாச் சரி," என்று அம்மா கையெழுத்து வைத்தார். வாத்தியாரை எதிர்த்துக் கதைத்த ஒரு தாயை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. போதாக்குறைக்கு ஒரு பெட்டி றோல்ஸ் வேறு கொண்டு போயிருந்தார். வாத்தியார் இரண்டை அங்கேயே சாப்பிட்டார். அப்பா விஷயம் அறிந்து பள்ளிக்கு ஓடியபோது சோதனை கேட்பதற்கான தவணை முடிந்திருந்தது.

ரியாலில் மூன்று வருடம். முதியோர் இல்லத்தில் தொழில் பழகி மூன்று வருடம். கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, கழுவி, ஊட்டி, என் முதுகு தேய்ந்தது. பிறகு தொழில் பழகியவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கென்று இருக்கிற சுற்றுப்பாதையில் இன்னும் இரண்டு வருடப் படிப்பு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சியை நான் ஆறவே விடவில்லை. நித்திரை வந்தால் அந்த வாத்தியார் றோல்ஸ் மென்ற வாயை நினைத்துக்கொள்வேன், உடனே விழிப்பு வந்துவிடும்.

ஃப்ரிபூர்க்கில் சட்டம் படிக்க விண்ணப்பம் போட்டதுதான் எல்லாவற்றிலும் லேசான வேலை. ஏன் வர விரும்புகிறாய் என்று கட்டுரை கேட்கவில்லை, யாருடைய சிபாரிசும் கேட்கவில்லை. அரச பல்கலைக்கழகம். சான்றிதழ் இருக்கிறதா, வா. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது: இந்த நாட்டில் பல்கலைக்கழக வாசலில் காவல்காரன் இல்லை. அவனை ஆறாம் வகுப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

முதல் கிழமை விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நின்றபோது ஒருவன் வந்து, மேல் மாடியில் குப்பைத்தொட்டி நிரம்பியிருக்கிறது என்று மரியாதையாக அறிவித்தான். நான் அவனை மனதில் குறித்துக்கொண்டேன். முதல் வருடச் சோதனைகளை டொச்சிலும் பிரெஞ்சிலும் எழுதி நல்ல புள்ளியோடு தேறினேன். அவன் தேறவில்லை. அடுத்த வருடம் புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் பேராசிரியர் என்னைக் கேட்டபோது, திரும்பப் படித்துக்கொண்டிருந்த அவன் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும். ஒவ்வொரு கிழமையும் முதல் கேள்வி அவனுக்குத்தான். அந்தப் பயத்தில் அவன் நன்றாகப் படித்துத் தேறிவிட்டான்.

படித்துக்கொண்டே பள்ளிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் பதிந்துகொண்டேன். இப்போது பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை. எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே என்பதுதான் எங்களுக்கு விதி. சேவை மனப்பான்மை என்று விண்ணப்பத்தில் எழுதினேன். உண்மையில் அந்த ஒரு பள்ளியிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் மாசியில் வந்தது. அதே வாத்தியார், தலை மட்டும் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரியாமல் கை கொடுத்தார். எதிரே ஒரு தாயும் பன்னிரண்டு வயது மகளும் இருந்தார்கள். அந்தத் தாய் என்னைக் கண்டதும் மகளிடம், "என்னடி, ஒரு கறுவலைப் பிடிச்சு விட்டிருக்கினம்? இவள் என்னத்தைக் கதைக்கப் போறாள்?" என்றார்.

"வணக்கம் அக்கா. வடிவாக் கதைப்பன், இருங்கோ," என்றேன். அவர் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் தொடங்கினார். அன்பான பிள்ளை, செக் பாரமாக இருக்கும், ரியால்தான் நல்லது. அவர் முன்னால் கிடந்த மகளின் புள்ளித்தாளைத் தலைகீழாக வாசித்தேன். ஐந்து, ஐந்தரை, ஐந்து. அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"சேர் சொன்னாச் சரிதானே," என்றார் தாய். "எங்க கையெழுத்து வைக்கோணும்?"

அந்த நொடியில் என்னை வளர்த்த கோபம் இரண்டாகப் பிரிந்து நின்றது. நேர்மையாக மொழிபெயர்த்தால் போதும், இந்தப் பெண்ணின் வாய்க்கு நல்ல தண்டனை கிடைத்துவிடும். சத்தியமாக எனக்கு ஆசை வந்தது. ஆனால் அனுபவிக்கப் போகிறவள் மகள்.

நான் வாத்தியாரிடம் திரும்பினேன். "தாய் உடன்படவில்லை. சோதனை கேட்கிறார்."

அவருடைய சிரிப்பு நின்றது. "நிச்சயமாகவா? பிள்ளைக்கு வீண் ஏமாற்றம்."

"தனக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்கிறார்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து வேறு படிவம் எடுத்தார். கை நடுங்கியதாகச் சொல்ல ஆசைதான், நடுங்கவில்லை. எரிச்சலில் லாச்சியை அடித்துச் சாத்தினார். அது எனக்குப் போதுமாக இருந்தது. நான் தாயிடம் குனிந்தேன்.

"அக்கா, சேர் திரும்ப யோசிச்சுச் சொல்லுறார், பிள்ளை கெட்டிக்காரியாம். சோதினை எழுதினா செக்குக்குப் போகலாமாம். இதில வையுங்கோ."

அம்மா வைத்ததுபோலவே அவரும் யோசிக்காமல் வைத்தார். வைத்துவிட்டு வாத்தியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைத் தவிர இரண்டு மொழியும் தெரிந்தவள் அந்த அறையில் அவள்தான். வாயைத் திறந்தால் என் வேலை போகும், சட்டப் படிப்பும் சந்தேகம்தான்.

வாத்தியாரின் உர்ரென்ற முகத்தைப் பார்த்துத் தாய்க்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். "என்னடி, உண்மையா சேர் அப்பிடியோ சொன்னவர்?"

மகள் வாத்தியாரை இமைக்காமல் பார்த்தாள்.

"ஓம் அம்மா," என்றாள். "அப்பிடியேதான் சொன்னவர்."