கஞ்சி போட்ட யூனிஃபார்மும் ஒரு மஞ்சள் பெல்ட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகள் நிவேதாவின் மஞ்சள் பெல்ட் தேர்வுக்காகப் புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் போனோம். அவள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு டேக்வாண்டோ, எனக்குச் சர்க்கரை. இரண்டுக்கும் ஒரே மாஸ்டர். டாக்டர் "நடங்க" என்றுதான் சொன்னார். நடக்கச் சோம்பல்பட்டு உதைக்கப் போய்ச் சேர்ந்த ஆள் நான்.

காலை ஆறு மணி பஸ். பதினேழு பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஆளுக்கு இருபது ரூபாய் எடுத்துக்கொண்டால் சில்லறை மிஞ்சும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு ஐம்பது கேட்பார்கள். நாங்கள் நடப்பது வழக்கம். வழியில் வடைக்கடை இருப்பதை என் மனைவிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

வகுப்பு ஒரு மாடியில். கீழே விசைத்தறிக்கூடம், நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். மாஸ்டர் இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

நிவேதா முதல் தேர்வில் தோற்றது கையாலும் காலாலும் இல்லை, குரலால். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து "கியாப்" என்று கத்த வேண்டும். தறிச் சத்தத்தைத் தாண்டி அது மாஸ்டர் காதுக்குப் போக வேண்டும். இவளுக்குக் காற்றுதான் வந்தது. "பொம்பளப் பிள்ள, மெதுவாப் பேசு" என்று சொல்லியே வளர்த்த வீடு எங்களுடையது. குரல் எங்கிருந்து வரும்? "இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே வர மாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அதனால் என் பங்குக்கு ஏதாவது செய்யலாம் என்று முந்தின நாள் ஒரு காரியம் செய்தேன். எலுமிச்சை மண்டியில் எனக்கு வேலை. விசேஷம் என்றால் வேட்டிக்குக் கஞ்சி போட்டே பழகிய கை. வெள்ளைத் துணி, பெரிய நாள். அவள் யூனிஃபார்மையும் என்னுடையதையும் நல்ல கெட்டிக் கஞ்சியில் முக்கிக் காயப்போட்டு இஸ்திரி போட்டேன். பையில் மடங்கவே இல்லை. பஸ்ஸில் அட்டைப்பெட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உடை மாற்றிக்கொண்டு வந்தவள் காலைத் தூக்கினாள். முட்டி மடங்கவில்லை. அப்பளம் உடைகிற சத்தம் மட்டும் வந்தது.

"எப்பா, என்னப்பா பண்ணி வச்சிருக்க? நான் என்ன பந்தியிலயா உக்காரப் போறேன்?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் வந்து என் சட்டைக் கையைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "அண்ணாச்சி, குழாய் பின்னால இருக்கு. ரெண்டு பேரும் அப்படியே நனைஞ்சுட்டு வாங்க. தேர்வு தள்ளிப்போகாது."

ரெண்டு பேரும் குழாயடியில் நின்றோம். நான் அவள் கால்சட்டையைக் கசக்கிவிட, அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு கோபம். சொட்டச் சொட்ட மாடியேறிப் போய் மாஸ்டர் முன்னால் நின்றாள். முன் உதை சரி. தடுப்பு சரி. கடைசிக் குத்துக்கு முன்னால் தலையைத் திருப்பி என்னை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் கத்தினாள் பாருங்கள்!

கீழே ஒரு தறி நின்றது. தறிக்காரர் பாதிப் படி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "யாருக்கு வே அடிபட்டுட்டு?"

"ஒருத்தருக்கும் இல்ல அண்ணாச்சி. எம்மவ பாஸாயிட்டா," என்றேன். மாஸ்டர் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு பார்வை கிடைத்தது.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: மாதம் ஐந்நூறு, யூனிஃபார்ம் தொள்ளாயிரம், சனி ஞாயிறு காலை ஏழு மணி வகுப்பு. வடையைத் திரும்பும்போது சாப்பிடுங்கள். கஞ்சியைக் குடியுங்கள், துணிக்குப் போடாதீர்கள். முடிந்தால் வெளியே உட்கார்ந்து செல்போன் பார்க்காமல் நீங்களும் சேருங்கள். எனக்கு எடை இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் பிள்ளைக்கு நாம் போட்டுவைத்த பூட்டு எது என்று உள்ளே நின்றால்தான் தெரிகிறது.

அங்கே வரிசை பெல்ட்டைப் பார்த்துத்தான், வயதைப் பார்த்து இல்லை. நான் இன்னும் வெள்ளை பெல்ட்தான். அதுவரை என் பக்கத்தில் நின்றவள் மஞ்சள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டாள். கீழ் பெல்ட் மேல் பெல்ட்டுக்கு முதலில் குனிந்து வணங்க வேண்டும். குனிந்தேன். அவளும் குனிந்தாள். குனிந்தபடியே என்னவோ முணுமுணுத்தாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு," என்றார் மாஸ்டர்.

"எப்பா, இன்னும் குனியணும்! தொப்பை தடுக்குது!"

கீழே தறி மறுபடியும் நின்றது.