பூதத்தைக் கொன்றவர்கள்

யுத்தம் முடிந்துவிட்டது. குண்டு போட்டுக்கொண்ட தேசங்களெல்லாம் கைகுலுக்கிக்கொண்டுவிட்டன. நான் மட்டும் இன்னும் சமாதானத்துக்கு வரவில்லை. ஒற்றைக்கொம்புப் பூதத்தைக் கொன்ற அந்தப் பட முதலாளி நேரில் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போவேன் என்பதுதான் உண்மை. என் தைரியம் அவ்வளவுதான். ஆனால் ஒதுங்கிப் போகும்போது முணுமுணுக்காமல் போக மாட்டேன்.

பூதத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏழு பாகமாக ஒரு மாயாஜாலக் கதை வந்தது. சாணித்தாளில் அச்சு, அட்டையில் இளவரசனின் மீசை அவன் காதுக்கும் வெளியே ஓடும். திருச்சிராப்பள்ளியில் அதற்கு முதல் வாசகர் பாலக்கரையில் தகரப்பெட்டிக் கடை வைத்திருந்த பாய். புதுப் பாகம் தபாலில் வந்த அன்று அவர் கடையில் ஒரு பெட்டியும் விற்காது. படித்து முடித்து, கச்சேரி உத்தியோகம் முடிந்து திரும்பும் என்னிடம் கொடுப்பார். நான் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவருவேன். என் பெண் படிப்பாள். அப்புறம் எதிர்வீட்டு மாமி, பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. எங்கள் உத்தர வீதியைச் சுற்றிவிட்டுப் புஸ்தகம் பாயிடம் திரும்பும்போது அட்டை இருக்காது, ரசக்கறை இருக்கும்.

அந்தக் கதைக்கு இளவரசன் பேருக்குத்தான். உயிர் கொடுப்பது பூதம். கோட்டையைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும். ஆனால் இருட்டென்றால் பயம். விளக்கில்லாமல் தூங்காது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் மரத்தில் ஏறிக்கொள்ளும். என் சுபாவம் அப்படியே அதற்கு இருந்ததால், கதாசிரியர் எங்காவது என்னைப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். கோட்டை தூக்குகிற பாகம் மட்டும்தான் பொருந்தவில்லை.

அந்தக் கதை டாக்கியாக வந்தபோது என் பெண் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். படம் ஓடிய கொட்டகை திருச்சியில், காவேரிக்கு அந்தப் பக்கம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆறு தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஸ்ரீரங்கமோ இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற தீவு. தெற்கே போனால் காவேரி, வடக்கே போனால் கொள்ளிடம். பிரசவத்துக்கு வந்த பெண்களைச் சிறை வைப்பதற்கென்றே பெருமாள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிகொண்டாரோ என்னவோ.

ஆனால் இன்னொரு சட்டமும் உண்டு. கர்ப்பிணி ஒன்றுக்கு ஆசைப்பட்டால் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும். மாங்காய் கேட்டால் வாங்கித் தரலாம். இவள் பூதம் கேட்டாள்.

"ஏன்னா, பொண்ணு வாய்விட்டுக் கேட்டுட்டா. என்ன பண்ணப் போறேள்?" என்றாள் என் மனைவி.

"ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அவதான் தாண்டக் கூடாது. நீங்க தாண்டலாமே. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லுங்கோ. அவ கேட்டுக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்: சாவு, கருமாதி, அழுகை எதுவும் அவ காதிலே விழப்படாது."

"அந்தக் கதையிலே சாவே கிடையாதுடி. ஏழு பாகமும் படிச்சவன் சொல்றேன்" என்று மார்தட்டினேன். அதற்கப்புறம் அந்த மார்பில் அடித்துக்கொள்ள எனக்குப் பல காரணங்கள் கிடைத்தன.

சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் பாயும் நானும் போனோம். மண்ணச்சநல்லூரிலிருந்து ரைஸ் மில் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் புரட்டிய பாய், "என்ன சாமி, கதையை விடப் பாட்டு ஜாஸ்தியா இருக்கு?" என்றார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

யுத்தத்தால் பிலிமுக்குப் பஞ்சம். இத்தனை அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஏழு பாகத்தை அந்தச் சாண் துணியில் தைக்க வேண்டுமானால் எதை வெட்டுவது? பாட்டை வெட்டுவார்களா? கதையை வெட்டினார்கள். பதினெட்டு வயது இளவரசனாக ஒரு சங்கீத வித்வான் வந்தார். குதிரையில் ஏறினால் குதிரைக்கு நியாயமில்லை என்று நினைத்தோ என்னவோ, படம் முழுக்கப் பக்கத்திலேயே நடந்தார். பறக்கும் கட்டில் ஒன்று கதையில் உண்டு. இங்கே அது நான்கு கயிற்றில் தொங்கியது, கயிறு பளிச்சென்று தெரிந்தது. நடுவில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு பேர் வந்து ஒருவரையொருவர் செருப்பால் அடித்துக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பூதம் வரட்டும் என்று காத்திருந்தோம். வந்தது. கறுப்புப் பனியன். கழுத்தில் பனியன் முடிகிற இடமும் ஆள் தொடங்குகிற இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. பயமாவது ஒன்றாவது! கண்ணை உருட்டி, இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"யா அல்லா! நம்ம பூதமா பொம்பளைப்புள்ளயத் தூக்கிட்டு ஓடுது?" என்று பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க பாய், பின்னாடி மறைக்குது!" என்றது ஒரு குரல். அடுத்த நிமிஷம் அந்தக் குரலே எழுந்து நின்று கத்தியது. ஏனென்றால் வித்வான் வாளை உருவினார், ஒரு ராகம் இழுத்தார், ஒரே வெட்டில் பூதத்தின் தலையை எடுத்தார். தலை உருண்டு வந்து கொம்பு மேலே தெரிய நின்றது. அதைச் சுற்றி இளவரசி கும்மி அடித்தாள்.

கொட்டகை இரண்டுபட்டது. "டேய், புஸ்தகத்தைப் படிச்சியாடா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் ஒரு ரைஸ் மில்காரர். கதையே தெரியாதவர்கள் கைதட்டினார்கள். தெரிந்தவர்கள் தட்டியவர்களைத் தட்டப் போனார்கள்.

பாய் என்னைக் கையைப் பிடித்து மானேஜர் அறைக்கு இழுத்துப் போனார். அங்கே எங்களுக்கு முன்பே ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"என்கிட்ட ஏங்க சண்டைக்கு வரீங்க? படப்பெட்டி வருது, ஓட்டுறேன்" என்றார் மானேஜர். "அப்புறம் இளவரசன்னா யாரையாச்சும் கொல்ல வேணாமா? வாளை எதுக்கு வச்சிருக்கான், காய் நறுக்கவா?"

"பூதம் என்னய்யா தப்புப் பண்ணுச்சு?" என்றார் பாய்.

"பூதமா இருந்துச்சே, அது போதாதா?"

இந்தப் பதிலுக்கு இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அன்றைக்குக் கொதிக்க நேரமில்லை. வீட்டில் பெண் காத்திருக்கிறாள் என்ற ஞாபகம் வந்து, கொதித்தது அப்படியே உறைந்துவிட்டது. சாவு அவள் காதில் விழக் கூடாது. நான் பார்த்ததோ சாவு, அதுவும் கும்மியோடு! பாலத்தின் மேல் நடந்து வரும்போது என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். நாடி கிடைக்கவில்லை. பயந்துபோய்த் தேடினால், மணிக்கட்டுக்குப் பதில் குடையின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறேன்.

வீட்டில் பெண் கூடத்துத் தூணில் சாய்ந்து, கால் நீட்டி, தயாராக உட்கார்ந்திருந்தாள். சமையலறை வாசலில் கரண்டியோடு என் மனைவி.

"சொல்லுங்கோப்பா. பூதம் வந்ததா?"

வந்தது என்றேன். கடுகு வெடித்ததும் மரத்தில் ஏறியது என்றேன். கட்டில் பறந்தது, கயிறே தெரியவில்லை என்றேன். இளவரசனுக்குப் பதினெட்டு வயதுக்கு ஒரு நாளும் அதிகமில்லை என்றேன். ஏழு பாகத்தையும் வரிசையாக எடுத்துவிட்டேன். கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. பெண்ணின் முகம் மலர்ந்தது. ஆகா, தப்பித்தோம் என்று ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன்.

மோர் தொண்டையில் இறங்குவதற்குள் வாசற்பக்கமிருந்து குரல் வந்தது. "மாமா, அவ்வளவு நன்னாவா எடுத்திருக்கான்?" எதிர்வீட்டு மாமி! அவளோடு வீதியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வாய்வார்த்தையை நம்பி எதிர்வீட்டு மாமி, மாமா, பக்கத்து வீட்டு மூன்று சகோதரிகள், இன்னும் யார் யாரோ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினார்கள். வழியில் விழுந்து தடுக்கலாமா என்று யோசித்தேன். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பெண் காதில் விழும். பாலம் அறுந்து போனால் தேவலை என்று கூட ஒரு க்ஷணம் நினைத்தேன். பெருமாள் மன்னிக்கட்டும்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். எதிர்வீட்டு மாமி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் கூடத்துக்கு வந்தாள்.

"ஏன் மாமா, உங்க கண்ணு நன்னாத் தெரியறதா? பூதத்தை வெட்டிப் போட்டுட்டானே, படுபாவி! தலை உருள்றது, அதைச் சுத்தி ஒரு குட்டிச்சுவர் கும்மியடிக்கிறது! இதைப் பார்க்கவா எங்களை அனுப்பினேள்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருத்துவச்சி வீடு எந்தப் பக்கம், ராத்திரியில் மாட்டுவண்டி கிடைக்குமா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. கண்ணைத் திறந்தபோது என் மனைவி கையில் கரண்டியைப் பிடித்திருந்தாள். பிடித்த விதம் தாளிக்கிற விதமாக இல்லை.

பெண் மயங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். முகம் குங்குமமாகச் சிவந்தது.

"வெட்டிட்டானா? யாரைக் கேட்டுண்டு வெட்டினான்?"

"கேட்பாரில்லைடி" என்றாள் மாமி. "பாதிப் பேர் கை தட்டறா."

"கதை தெரியாதவாதானே தட்டறா? தெரிஞ்சா தட்டுவாளா?" பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, கடைசி அத்தியாயத்தை எடுத்துண்டு போங்கோ. ஆட்டம் விட்டு எல்லாரும் வெளியே வரச்சே, வாசல்லே நின்னு சத்தமாப் படியுங்கோ. பூதம் சாகலைன்னு தெரியட்டும்."

"நடுத்தெருவிலேயா? என் உத்தியோகம் என்ன, வயசென்ன..."

"நான் ஆசைப்படறேன்" என்றாள். சட்டம் தெரிந்த பெண்.

என் மனைவியைப் பார்த்தேன். "போயிட்டு வாங்கோ" என்றாள். நேற்றைய பொய்க்கு அதுதான் தண்டனை என்று அவள் குரலில் இருந்தது.

திங்கட்கிழமை பாயிடமிருந்து ஏழாம் பாகத்தை வாங்கினேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு ஒரு தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். "இது மேல ஏறி நில்லுங்க சாமி. கீழ நின்னா உங்களை யாருக்குத் தெரியும்?" கொட்டகை எதிரே பெட்டியில் ஏறினேன். கால் ஆடியது. பெட்டியும் ஆடியது. இரண்டும் ஒன்றாக ஆடியதால் விழாமல் நின்றேன். ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

கடைசி அத்தியாயம் இதுதான்: இளவரசன் பூதத்தின் சங்கிலியை அறுக்கிறான். இனி நீ யாருக்கும் அடிமையில்லை, எங்கே வேண்டுமானாலும் போ என்கிறான். பூதம் கோட்டை வாசல் வரை போகிறது. வெளியே இருட்டு. திரும்பி வந்து, விடிந்ததும் போகிறேன் என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறது. விடிகிறது. அது போகவில்லை. 'அதற்கப்புறமும் போகவில்லை' என்பதுதான் கடைசி வரி.

முதல் வரி வெறும் காற்றாக வந்தது. "கேக்கல!" என்றார்கள். இரண்டாம் வரிக்குக் குரல் வந்தது. மூன்றாம் வரிக்குக் கோபம் வந்தது. பட முதலாளி மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் பூதத்தின் பேச்சில் ஏற்றிவிட்டேன். முடித்தபோது, முந்தின நிமிஷம் உள்ளே கைதட்டியவர்களே, "அட, இப்படியா கதை? அப்ப எதுக்குய்யா வெட்டினான்?" என்று டிக்கெட் ஜன்னலை மொய்த்தார்கள். மானேஜர் வெளியே வந்து, "ஐயா, பொழப்பைக் கெடுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து ஒருவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னால், "இன்னிக்கு வந்தவாளுக்குத் தெரியும். நாளைக்கு வரவாளுக்கு?" என்றாள் பெண். ஆகவே மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கச்சேரி விட்டால் கொட்டகை வாசல் என்று ஆகிவிட்டது. படம் பார்க்காமல் என்னை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று சேர்ந்தது.

ஒரு நாள் பெட்டி மேல் நின்று சங்கிலி அறுக்கிற இடத்துக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டு மாமா சைக்கிளில் மூச்சிரைக்க வந்து, "ஓய், வலி எடுத்துடுத்து! மருத்துவச்சி வந்தாச்சு, உடனே வாரும்!" என்று கத்தினார்.

புஸ்தகத்தை மூடினேன்.

"பாதியில விட்டுட்டுப் போறீங்களே! முடிச்சுட்டுப் போங்க சாமி!" என்று வேட்டியைப் பிடித்தது கூட்டம். புஸ்தகத்தைப் பாய் கையில் திணித்தேன். வேட்டியை மீட்டுக்கொண்டு ஓடினேன். கிடைத்தது, பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய கரிவாயு பஸ். பாலத்தின் நடுவில் அது நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்புக்குக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றினார். நானும் இறங்கி, அவரைத் தள்ளிவிட்டு நானே சுற்றினேன். அவர் பயந்துபோய் விலகிக்கொண்டார். கரி முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது.

பெண் குழந்தை, இருவரும் சௌக்கியம் என்றாள் மருத்துவச்சி. கதவு வரை வந்து எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. கரிக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

பெண் களைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையை லேசாகத் தூக்கினாள்.

"முடிச்சுட்டு வந்தேளா?"

"இல்லேம்மா. பாய் படிச்சிண்டிருக்கார். நீ இப்படி இருக்கச்சே நான் எப்படி..."

"பாய்க்கு அந்தக் கடைசி வரியை நிறுத்திப் படிக்கத் தெரியாதேப்பா" என்று அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவ்வளவு பேரை அப்படியா நடுவிலே விட்டுட்டு ஓடி வருவா?"